முதல் பெயர், கடைசிப் பெயர்: இந்தப் படிவம் யாருக்காக?

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்து, குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், வருகை விசாவில் உள்ளே விடமாட்டோம் என்றது. விமான நிறுவனங்கள் பயண முகவர்களுக்கு அவசர அவசரமாகச் சுற்றறிக்கை அனுப்பின. சில நாட்களிலேயே விதி தளர்ந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்றார்கள். அதே ஆண்டில் இந்தோனேசியாவும், புதிதாகப் பதிவாகும் பெயர்களில் குறைந்தது 2 சொற்கள் இருக்க வேண்டும், 60 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. அந்த நாட்டின் முதல் அதிபர் சுகர்னோ, அடுத்தவர் சுகார்த்தோ. இருவருக்கும் இருந்தது ஒற்றைப் பெயர்தான்.

ஒரு மனிதருக்கு ஒரு பெயர் ஏன் போதவில்லை? போதும் என்றால், அரசுகளும் விமான நிறுவனங்களும் இரண்டாவது பெயரை ஏன் கேட்கின்றன? படிவத்தில் உள்ள இரண்டு பெட்டிகளும் ஒரே ஒரு பெயர்முறையை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை என்பதுதான் காரணம். அந்த முறையும் பல நாடுகளில் மரபாக வளர்ந்ததல்ல. அரசாணை போட்டுக் கொண்டுவந்தார்கள், சில இடங்களில் அதற்கு இன்னும் 100 வயதுகூட ஆகவில்லை.

ஒரு பெயருக்குள் என்னென்ன இருக்கலாம்?

பெயர் என்பது ஆளைக் கூப்பிடுவதற்கு மட்டும் அல்ல. அது சில தகவல்களையும் சுமக்கிறது. எந்தத் தகவல் என்பதில்தான் சமூகங்கள் வேறுபடுகின்றன.

1. ஆளுக்கான பெயர். பிறந்தபோதோ கொஞ்ச நாள் கழித்தோ சூட்டப்படுவது. இது எங்கும் உண்டு, இதில் சிக்கல் குறைவு.

2. பெற்றோர் பெயர். பெரும்பாலும் தந்தையுடையது, சில இடங்களில் தாயுடையதாகவும் இருக்கலாம். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். தாத்தாவின் பெயரிலும் பேரனின் பெயரிலும் பொதுவான சொல் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம்.

3. குடும்பப் பெயர். மாறாமல் தலைமுறை தலைமுறையாக இறங்குவது. அண்ணன் தம்பிகளுக்கும், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்கும் ஒன்றே.

4. பிறந்த கிழமை அல்லது வரிசை. பாலித் தீவில் முதல் பிள்ளை வாயான், இரண்டாவது மாடே, மூன்றாவது நியோமான், நான்காவது கெதுட். ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வாயானிலிருந்து தொடங்கும். பெண்ணானாலும் ஆணானாலும் இவைதான் பெயர்கள், ஆணா பெண்ணா என்பதை முன்னால் வரும் சின்ன ஒட்டு காட்டிவிடும்.

5. சமயம், குழு. 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சா என்ற சீக்கியச் சமய அமைப்பை நிறுவியதிலிருந்து சீக்கிய ஆண்களின் பெயரில் சிங்கும் பெண்களின் பெயரில் கவுரும் வருகின்றன. ஒரே சிங் என்பதால் இருவரும் உறவினர் ஆகிவிடமாட்டார்கள்.

6. மரியாதைச் சொல். இது பெயரின் பகுதியே இல்லை. ஆனால் வெளியார் அடிக்கடி பெயர் என்று நினைத்து ஏமாறுவது இதில்தான்.

குழப்பத்தில் பெரும்பங்கு 2க்கும் 3க்கும் நடுவில் நடக்கிறது. இரண்டும் எழுத்தில் ஒரே மாதிரித் தெரியும். 'இன்னார் இன்னார்' என்று இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டாவது சொல் குடும்பத்தினுடையதா அப்பாவினுடையதா என்பதைப் பெயரைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அந்தச் சமூகத்தின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாற்காலி, பல பெயர்முறைகள்

இந்த வேறுபாடுகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஐ.நா. பொதுச்செயலாளர்கள் பட்டியலைப் பார்க்கலாம். 1946இல் பதவியேற்ற திரிக்வே லீ தொடங்கி அன்டோனியோ குட்டெரெஸ் வரை 9 பேர். பெயரின் எந்தச் சொல்லைச் சொல்லி அழைப்பது என்ற கேள்விக்கு அவர்களில் பலரிடம் வேறுவேறு பதில் கிடைக்கும்.

1961 முதல் 1971 வரை பொறுப்பில் இருந்தவர் ஊ தாண்ட். பர்மியர். அவருடைய பெயர் 'தாண்ட்' மட்டும்தான். 'ஊ' என்பது வயதிலோ மதிப்பிலோ மூத்த ஆணுக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. அவர்கள் நாட்டில் அதே பெயருள்ள மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட, ஊர்ப் பெயரைச் சேர்த்து 'பந்தனாவ் ஊ தாண்ட்' என்பார்கள். ஆங் சான் சூச்சியின் பெயரும் இப்படிப்பட்டதுதான். தந்தை ஆங் சானின் பெயர், பாட்டியின் பெயரிலிருந்து ஒரு சொல், தாய் கின் ச்சியின் பெயரிலிருந்து ஒரு சொல் என்று கோத்து அமைத்த ஒரே பெயர். இதை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று எந்த இடத்தில் வெட்டினாலும் தவறுதான்.

பெரு நாட்டவரான ஹாவியர் பெரெஸ் டி குயெயாருக்கு 'பெரெஸ் டி குயெயார்' முழுவதும் தந்தைவழிக் குடும்பப் பெயர். அதற்குப் பின்னால் தாய்வழிப் பெயரான 'டி லா குவெர்ரா' இருக்கிறது, வெளியில் சொல்வதில்லை. அடுத்து வந்த எகிப்தியர் புத்ரோஸ் புத்ரோஸ் காலிக்கு ஒரே சொல் இரண்டு முறை வருவது அச்சுப் பிழையல்ல. 1910இல் கொல்லப்பட்ட எகிப்தியப் பிரதமர் புத்ரோஸ் காலி இவருடைய தாத்தா. தாத்தாவின் முழுப் பெயரும் குடும்பத்தின் பெயராக உறைந்துபோனது. பேரனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தபோது முன்னால் இன்னொரு புத்ரோஸ் வந்து சேர்ந்தது.

கோஃபி அன்னான் கானா நாட்டவர். அங்கே அக்கான் மக்களிடம் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை கோஃபி, சனிக்கிழமை பிறந்தால் க்வாமே. அந்நாட்டின் முதல் அதிபர் க்வாமே என்க்ருமாவின் பெயர் அப்படி வந்தது. அன்னானின் நடுப்பெயர் 'அட்டா', இரட்டைப் பிள்ளை என்பதைச் சொல்கிறது. உடன் பிறந்த இரட்டைச் சகோதரிக்கும் அந்த அட்டா உண்டு. பான் கி மூனுக்குக் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும் பான். 'திரு. மூன்' என்று எழுதியவர்கள் பெயரின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

குட்டெரெஸின் முழுப் பெயர் அன்டோனியோ மனுவேல் டி ஒலிவெய்ரா குட்டெரெஸ். ஒலிவெய்ரா தாய்வழி, குட்டெரெஸ் தந்தைவழி. போர்ச்சுகலில் தந்தைவழிப் பெயர் கடைசியில் வரும், பக்கத்து நாடான ஸ்பெயினிலோ தந்தைவழி முன்னால், தாய்வழி பின்னால். ஆகவே கடைசிச் சொல்லை எடுத்தால் போர்ச்சுகீசியர் விஷயத்தில் தப்பித்துவிடலாம், ஸ்பானியர் விஷயத்தில் மாட்டிக்கொள்வோம். கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கெஸைப் பலரும் 'மார்க்கெஸ்' என்கிறார்கள். அது தாய்வழிப் பெயர். நூலகப் பட்டியலில் அவரைத் தேட வேண்டிய இடம் 'கார்சியா மார்க்கெஸ்'.

எது முன்னால், எது பின்னால்?

சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஐரோப்பாவில் ஹங்கேரியிலும் அப்படியே. அந்நாட்டு அரசியல் தலைவர் ஒருவர் உள்நாட்டில் 'ஓர்பான் விக்தோர்', வெளிநாட்டுச் செய்தியில் 'விக்தோர் ஓர்பான்'.

இப்படி ஆளுக்குத் தகுந்தாற்போலப் புரட்டுவதுதான் தலைவலி. சீனத் தலைவர்களின் பெயரை யாரும் புரட்டுவதில்லை, ஷி ஜின்பிங் எங்கே போனாலும் ஷி ஜின்பிங்தான். (இரண்டாம் முறை சுருக்கி எழுதும்போது 'ஷி' என்பதே முறை. தமிழ்ச் செய்திகளில் சிலநேரம் வெறும் 'ஜின்பிங்' என்று வருவது, தெரியாத பெரியவரைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குச் சமம்.) ஜப்பானியப் பெயர்களை மட்டும் மேற்கத்திய வரிசைக்கு மாற்றி எழுதும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் மெய்ஜி மன்னர் காலத்திலிருந்து நிலைத்துவிட்டது. ஷி ஜின்பிங்கைச் சரியாக எழுதும் வெளிநாட்டு ஊடகங்கள் அபே ஷின்சோவை மட்டும் ஏன் ஷின்சோ அபே என்கின்றன என்று ஜப்பானிய வெளியுறவு அமைச்சரே 2019இல் கேட்டார். 2020 ஜனவரி 1 முதல் அரசு ஆவணங்களில் ரோமன் எழுத்திலும் குடும்பப் பெயரே முன்னால் வருகிறது.

வியட்நாம் தனிக் கதை. குடும்பப் பெயர் முன்னால்தான் வரும், ஆனால் கூப்பிடுவது கடைசியில் உள்ள ஆளின் பெயரைச் சொல்லி. நாட்டில் ஏறக்குறைய 10இல் 4 பேருக்கு ங்யூயென் என்பதே குடும்பப் பெயர் என்னும்போது அதைச் சொல்லிக் கூப்பிட்டு என்ன பயன்? தென் வியட்நாம் அதிபர் ங்கோ தின் தியெம்மை 'அதிபர் தியெம்' என்பதுதான் வழக்கம். ஹோ சி மின் இதற்கு விலக்கு. அது அவரே வைத்துக்கொண்ட பெயர், மக்கள் அழைத்ததும் 'ஹோ மாமா' என்றுதான். பிறந்தபோது அவரும் ஒரு ங்யூயென்.

அப்பா பெயர் குடும்பப் பெயர் அல்ல

ஐஸ்லாந்தில் யோன் என்பவரின் மகன் ஓலாஃபூர் யோன்சொன், மகள் குத்ரூன் யோன்ஸ்டோட்டிர். ஓலாஃபூரின் பிள்ளைகளுக்கு யோன் பெயர் வராது, அவர்கள் ஓலாஃப்ஸொன், ஓலாஃப்ஸ்டோட்டிர். மனைவி தன் அப்பாவின் பெயரோடு இருப்பார். அப்பா, அம்மா, மகன், மகள் நால்வருக்கும் நான்கு கடைசிப் பெயர்கள். குடும்பமாகப் பயணம் போனால் வெளிநாட்டு எல்லை அதிகாரி சந்தேகத்தோடு பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

அங்கே ஆளின் பெயர்தான் பெயர், மற்றது விவரம். 1980 முதல் 1996 வரை அதிபராக இருந்த விக்டிஸ் ஃபின்போகடோட்டிரை மக்கள் விக்டிஸ் என்றே சொன்னார்கள், அதில் அவமரியாதை எதுவும் இல்லை. தொலைபேசிப் புத்தகமும் முதல் பெயர் வரிசையில்தான் இருந்தது. அம்மாவின் பெயரோடு சொன், டோட்டிர் சேர்த்துக்கொள்ளவும் முடியும். 2019இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, ஆண் பெண் என்று பதிவு செய்துகொள்ளாதவர்கள் 'பூர்' என்ற ஈற்றைச் சேர்க்கலாம். இத்தனை நெகிழ்வு இருந்தும், புதிய பெயர் வைக்க வேண்டுமானால் 1991இல் அமைக்கப்பட்ட பெயர்க் குழு அதை ஏற்க வேண்டும். ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை உருபுகளை அந்தப் பெயர் ஏற்குமா என்றுகூடப் பார்ப்பார்கள்.

எத்தியோப்பியாவிலும் எரித்ரியாவிலும் ஆளின் பெயர், அப்பா பெயர், தேவைப்பட்டால் தாத்தா பெயர். அபி அகமது அலி என்றால் அவர் அபி, அகமது அப்பா, அலி தாத்தா. உலகச் சுகாதார அமைப்பின் தலைவரை 'டாக்டர் டெட்ரோஸ்' என்று அழைப்பதை, ஏதோ நெருக்கம் காட்டுவதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை, அதுதான் அவருடைய பெயர்.

மலாய் மக்களிடம் 'பின்', 'பிந்தி' என்ற சொற்கள் நடுவில் நின்று, பின்னால் வருவது அப்பா பெயர் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும். மகாதீரை 'திரு. முகமது' என்று விளித்தால் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டதாகிவிடும். மலேசியத் தமிழர்களின் ஆவணங்களில் அதே வேலையை 'ஏ/எல்', 'ஏ/பி' செய்கின்றன. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம்.

அரபு மரபில் ஒரே ஆளைச் சுற்றிப் பல அடுக்குகள் உண்டு. சூட்டிய பெயர், 'இன்னாரின் மகன்' என்ற வரிசை, ஊரையோ குலத்தையோ காட்டும் பெயர், கூடவே மூத்த பிள்ளையின் பெயரால் அப்பாவையோ அம்மாவையோ அழைக்கும் 'அபு', 'உம்' பெயர். பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸ் சொந்த மக்களுக்கு அபு மாசென். சதாம் உசேனில் உசேன் என்பது அப்பா பெயர். அதனால் 'சதாம்' என்று மட்டும் எழுதியதில் பிழை இல்லை. 'அப்துல்' என்று மட்டும் ஒருவரை அழைப்பதுதான் அரபு முறைப்படி அரைகுறை. அது அடுத்து வரும் இறைவனின் பெயரோடு சேர்ந்தால்தான் முழுமை பெறும்.

ரஷ்யர்கள் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் முழுப் பெயர் வாலெந்தினா விளாதிமிரோவ்னா தெரெஷ்கோவா. நடுவில் இருப்பது அப்பா விளாதிமிரின் பெயர், கடைசியில் இருப்பது குடும்பப் பெயர். மரியாதையாக அழைக்க வேண்டுமானால் முதல் இரண்டும் வேண்டும். குடும்பப் பெயரும் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி முடியும். அண்ணனும் தங்கையும் ஆவணத்தில் ஒரே எழுத்துக் கூட்டலில் இருக்கமாட்டார்கள்.

இனிஷியல் இந்த வகையில் சுவாரசியமானது. அப்பா பெயரை வெளிப்படையாகச் சொல்லாமல் ஓர் எழுத்தாக்கி முன்னால் நிறுத்துவது தமிழர் வழக்கம். ஆனால் எழுத்து ஒன்றாக இருந்தாலும் அது நிற்கும் காரணம் வேறாக இருக்கலாம். செஸ் வீரர் ஆர். பிரக்ஞானந்தாவின் 'ஆர்', அப்பா ரமேஷ்பாபு. 2024இல் உலகச் சாம்பியனான டி. குகேஷின் 'டி', தொம்மராஜு. அது தெலுங்கர் வழக்கப்படி முன்னால் வரும் வீட்டுப் பெயர், அப்பா பெயர் வேறு. இருவரும் ஒரே ஊரில் வளர்ந்தவர்கள், போட்டிப் பட்டியலில் ஒரே வடிவில் பெயர். ஒருவருக்கு அந்த எழுத்து அடுத்த தலைமுறையில் மாறும், மற்றவருக்கு மாறாது. விஸ்வநாதன் ஆனந்தை 'திரு. விஸ்வநாதன்' என்று வெளிநாட்டினர் அழைத்ததும் இந்த வகைப் பிழைதான்.

குடும்பப் பெயரைக் கொண்டுவந்தது யார்?

குடும்பப் பெயர் பழங்காலத்திலிருந்து எங்கும் இருந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. சீனாவைப் பொறுத்தவரை உண்மை, அங்கே அது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். பல நாடுகளில் அப்படியில்லை. வரி வசூலிக்கவும், படைக்கு ஆள் எடுக்கவும், சொத்தைப் பதியவும், இவர் அவர்தானா என்று தெரிந்துகொள்ள அரசுக்கு மாறாத ஒரு சொல் தேவைப்பட்டது. சில தேதிகளைப் பாருங்கள்:

1. 1811, நெதர்லாந்து. நெப்போலியனின் ஆணைப்படி குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது.

2. 1849, பிலிப்பைன்ஸ். ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளவேரியா ஒரு பெயர்ப் பட்டியலையே அச்சிட்டு மாகாணங்களுக்கு அனுப்பினார். அதிகாரிகள் அகர வரிசையில் பக்கங்களைப் பிரித்து ஊருக்கு ஊர் கொடுத்தார்கள். விளைவு, சில ஊர்களில் குடும்பப் பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கின. பிலிப்பினோ ஒருவருக்கு ஸ்பானியப் பெயர் இருப்பதை வைத்து அவருடைய முன்னோர் ஸ்பானியர் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பின்னால் அமெரிக்கர் ஆட்சியில் வரிசையும் மாறி, தாய்வழிப் பெயர் நடுவுக்கு வந்துவிட்டது.

3. 1875, ஜப்பான். அதுவரை பொதுமக்களில் பெரும்பாலோர் குடும்பப் பெயரை அதிகாரபூர்வமாக வைத்துக்கொள்ள முடியாது. அதன்பின் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். பேரரசர் குடும்பத்துக்கு மட்டும் இன்றும் குடும்பப் பெயர் இல்லை.

4. 1913, தாய்லாந்து. மன்னர் வஜிராவுத் சட்டம் போட்டதோடு நிற்காமல் 6,000க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாமே ஆக்கிக் கொடுத்தார். ஒரு குடும்பத்தின் பெயரை உறவில்லாத இன்னொரு குடும்பம் வைக்கக் கூடாது என்பதால் பெயர்கள் நீண்டுகொண்டே போயின. அவ்வளவு நீளப் பெயரை யார் சொல்வார்கள்? பிரதமராக இருந்தவரைக்கூட தக்சின் என்றுதான் நாடே சொல்கிறது.

5. 1934, துருக்கி. எல்லோருக்கும் குடும்பப் பெயர் கட்டாயமானது. முஸ்தஃபா கெமாலுக்கு நாடாளுமன்றம் 'அத்தாதுர்க்' என்ற பெயரை வழங்கி, வேறு யாரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சட்டம் செய்தது. அவருக்குப் பின் அதிபரான இஸ்மத், தான் வென்ற போர்க்களமான இனோனுவின் பெயரைப் பெற்றார்.

மங்கோலியா இதற்கு நேர்மாறான பாதையில் போனது. கம்யூனிஸ்ட் அரசு 1920களில் குலப்பெயர்களைத் தடைசெய்தது. மக்கள் அப்பா பெயரோடு வாழ்ந்தார்கள். 1990களில் குலப்பெயர் வேண்டும் என்று அரசு திரும்பக் கேட்டபோது பலருக்குத் தங்கள் குலம் எது என்றே நினைவில்லை. ஏராளமானோர் செங்கிஸ் கானின் குலமான போர்ஜிகினைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டமே போர்ஜிகின் ஆகிவிட்டால் பிரித்தறிய என்ன இருக்கிறது! 1981இல் விண்வெளிக்குப் போன முதல் மங்கோலியரான குர்ரக்சா, அண்டவெளி என்று பொருள்படும் சொல்லைத் தன் குலப்பெயராக்கிக்கொண்டார்.

திருமணத்துக்குப் பின் என்ன ஆகிறது?

மனைவி கணவரின் பெயரை எடுத்துக்கொள்வது உலகப் பொதுவழக்கம் அல்ல. ஸ்பெயினில் பெண்கள் பெயர் மாற்றுவதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் திருமணத்தைக் காரணம் காட்டிப் பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. கிரீஸிலும் 1983 முதல் பிறந்தபோது இருந்த பெயரே சட்டப்படியான பெயர்.

சீனாவிலும் கொரியாவிலும் பெண்கள் தங்கள் குடும்பப் பெயரோடுதான் இருக்கிறார்கள். இதைப் பெண்ணுரிமையின் அடையாளமாகப் படிப்பது அவசரம். மருமகள் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் கணவர் வம்சத்தைச் சேர்ந்தவள் அல்ல என்ற பழைய எண்ணமும் அதற்குள் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் போவது அப்பா பெயர்தானே. கொரியாவில் கிம், லீ, பார்க் என்ற மூன்று பெயர்களுக்குள் கிட்டத்தட்டப் பாதி மக்கள் அடங்கிவிடுகிறார்கள். ஆகவே எந்த ஊர் கிம் என்பது முக்கியம். ஒரே பெயர், ஒரே பூர்வீக ஊர் என்றால் எத்தனை நூற்றாண்டு விலகிய உறவானாலும் திருமணம் செய்ய முடியாமல் இருந்தது. கிம்ஹே ஊர்க் கிம்கள் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் என்பதை நினைத்தால் இந்தத் தடையின் அளவு புரியும். 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இது செல்லாது என்றது, 2005இல் சட்டமும் திருத்தப்பட்டது.

ஜப்பான் எதிர்ப்புறத்தில் நிற்கிறது. கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரில் இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுக் குடிமைச் சட்டத்தின் 750ஆம் பிரிவு. யார் பெயர் என்பதைத் தம்பதியே முடிவு செய்யலாம், நடைமுறையில் 100க்கு 95 வீடுகளில் மாறுவது மனைவியின் பெயர். 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. இப்படியே போனால் 2531இல் ஜப்பானியர் எல்லோரும் சாத்தோ என்ற பெயருக்கு வந்து சேர்வார்கள் என்று தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 2024இல் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு நடக்குமோ நடக்காதோ, சட்டத்தின் போக்கைப் புரியவைக்க அது போதும்.

பிள்ளைகளின் பெயரிலும் மாற்றம் வருகிறது. ஸ்பெயினில் 2017 முதல் அப்பா பெயர் தானாக முன்னால் வந்து நிற்பதில்லை. இத்தாலியில் அப்பா பெயரையே பிள்ளைக்குத் தானாகக் கொடுக்கும் முறை செல்லாது என்று 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அறிவித்தது. ஜெர்மனியில் 2025 மே முதல் தம்பதி இரட்டைக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள முடிகிறது.

யாருடைய பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாம் என்பதிலும் எதிரெதிர் வழக்கங்கள் உண்டு. யூதர்களுக்குள்ளேயே அஷ்கனாசி பிரிவினர் உயிரோடிருக்கும் உறவினரின் பெயரை வைக்கமாட்டார்கள், செபார்டி பிரிவினர் உயிரோடிருக்கும் தாத்தா பாட்டியின் பெயரை வைப்பதைப் பெருமையாகக் கருதுவார்கள். சமயம் ஒன்று, பெயர் வழக்கம் நேர் எதிர்.

பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரிகள்

இனி அமீரக விதிக்கு வரலாம். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில், பெரிய எழுத்துகளும் < குறிகளுமாக இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். மேல் வரியில் முதல் 5 இடங்கள் ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் போய்விடும். பெயருக்கு மிஞ்சுவது 39. குடும்பப் பெயர் முதலில், பிறகு << என்று இரட்டைக் குறி, பிறகு சூட்டிய பெயர். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒற்றைக் குறி, மீதி இடம் முழுக்கவும் அதே குறி. ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளைத் தவிர வேறு எழுத்துக்கு அங்கே இடமில்லை. புள்ளியும் கிடையாது, சாய்கோடும் கிடையாது. மேலே பார்த்த மலேசிய 'ஏ/எல்'லின் கதி என்ன என்று ஊகிக்கலாம். 39ஐத் தாண்டும் பெயர் வெட்டுப்படும்.

இந்த அமைப்பை வகுத்தது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஆவண எண் 9303. அதில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று சொல்லவில்லை. 'முதன்மை அடையாளம்', 'இரண்டாம் அடையாளம்' என்று பொதுவாக வைத்து, பெயரைப் பிரிக்க முடியாவிட்டால் முழுப் பெயரையும் முதன்மை அடையாளமாக எழுதலாம் என்கிறது. அதாவது சர்வதேசத் தரம் ஒற்றைப் பெயரை ஏற்கிறது. இடிப்பது அதன்மேல் கட்டப்பட்ட விசா மென்பொருளும் பயணச்சீட்டு மென்பொருளும்தான், அவற்றில் இரண்டு பெட்டியும் கட்டாயம்.

அமெரிக்கா வேறு வழி கண்டுபிடித்தது. ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, சூட்டிய பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று நிரப்புவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. விசாவில் தொடங்கிய இந்த மூன்றெழுத்து ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் ஏறிவிட்டால், சம்பந்தப்பட்டவரின் பெயராகவே ஆகிவிடுகிறது.

கனடாவில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. சிங், கவுர் என்ற பெயர்கள் மிகப் பொதுவானவை, அவை மட்டும் போதாது, வேறு குடும்பப் பெயரோடு வாருங்கள் என்று டெல்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகம் குடியேற விண்ணப்பித்தவர்களிடம் கேட்டுவந்தது. சீக்கியர்கள் எதிர்த்தார்கள். 2007இல் அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

படிவம் போடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

1. முழுப் பெயருக்கு ஒரே பெட்டி போதும். அதிலிருந்து முதல் பெயரை மென்பொருளே பிரித்தெடுத்து 'அன்புள்ள டி' என்று கடிதம் அனுப்பக் கூடாது.

2. எப்படி அழைக்க வேண்டும் என்பதைத் தனிக் கேள்வியாகக் கேட்கலாம். பாதிச் சங்கடம் அங்கேயே தீரும்.

3. இரண்டு பகுதி தேவைப்படும் இடத்தில், இரண்டாவதைக் காலியாக விட வழி இருக்க வேண்டும். கட்டாயப்படுத்தினால் மக்கள் புள்ளி வைப்பார்கள், ஒரே பெயரை இரண்டு முறை எழுதுவார்கள், இனிஷியலை விரித்து ஒரு ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போடுவார்கள். பிறகு இரண்டு ஆவணமும் ஒன்றோடொன்று பொருந்தாது.

4. கடைசிப் பெயர் வேறாக இருப்பதால் குழந்தை இவருடையது அல்ல என்றோ, ஒன்றாக இருப்பதால் இருவரும் உறவினர் என்றோ முடிவுக்கு வரக் கூடாது. ஐஸ்லாந்து முதலாவதற்கு உதாரணம், கொரியாவும் வியட்நாமும் இரண்டாவதற்கு.

5. ஆளை உறுதிசெய்யப் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஆய்வுலகம் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. 'வாங்' என்ற பெயரோடு ஓர் இனிஷியலை மட்டும் போட்டால் எந்த வாங் என்று தெரியாது, திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவரின் பழைய கட்டுரைகள் வேறொருவர் எழுதியதுபோலத் தோன்றும். 2012 முதல் வழக்கத்தில் உள்ள ஓர்கிட் என்ற 16 இலக்க எண் ஆய்வாளரின் பெயரை எந்த இதழ் எப்படித் திருப்பிப் போட்டாலும் மாறாமல் அவரோடு நிற்கிறது.